கல்லீரலில் இரட்டை ஆட்சி

நீரிழிவுக்காரர் ஒருவர் இரவு எட்டு மணிக்கு இரண்டு இட்டிலியோடு போஜனத்தை முடித்துக்கொண்டு படுக்கைக்குச் செல்கிறார். பொழுது விடியும்வரை தண்ணீரைத் தவிர வேறொன்றும் அவர் வாயில் படவில்லை. காலையில் இரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை 160 என்று கணக்கு வருகிறது. இரவு படுக்குமுன் பார்த்ததோ 140. அவர் திகைக்கிறார். வீட்டாரோ அவர்மேல் சந்தேகம் கொள்கின்றனர். நள்ளிரவில் எழுந்து பலகார டப்பாவைத் திறந்தாரோ என்று மனைவி முதல் பேரன் வரை குறுக்கு விசாரணை செய்கின்றனர்.

அந்த மனிதர் ஒரு குற்றமும் அறியாதவர். சர்க்கரை வெளியிலிருந்து வரவில்லை. அவருடைய வலப்புற விலாவுக்குக் கீழே, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரலே இரவெல்லாம் சர்க்கரையை உற்பத்தி செய்து இரத்தத்தில் வார்த்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டிய உத்தரவும் பிறந்தது. கல்லீரலின் வாசல்வரை வந்தும் சேர்ந்தது. உத்தரவு அங்கே செல்லுபடியாகவில்லை. ஏன் செல்லுபடியாகவில்லை என்பதே இக்கட்டுரையின் விஷயம். அதற்கு விடை ஒரு சிறு புரதத்தின் நடத்தையில் பெரிதும் அடங்கியிருக்கிறது.

இஃது ஏதோ வைத்திய மாணவர்க்கு மட்டும் உரிய நுணுக்கம் என்று வாசகர் கருதிவிடலாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில், சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர் முன்னின்று, தேசம் முழுவதும் நடத்திய பெருங் கணக்கெடுப்பின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேர் நீரிழிவுக்காரர் என்றும், 15.3 பேர் அதன் வாசற்படியில் நிற்பவர் என்றும் அது கண்டது. 2021-ஆம் ஆண்டின் ஜனத்தொகையை வைத்துக் கணக்கிட்டால், முதல் வகையார் 10 கோடியே 10 லட்சம். இரண்டாம் வகையார் 13 கோடியே 60 லட்சம். ஒரு தேசத்தின் உழைக்கும் மக்களில் இத்தனை பேரைத் தொடும் வியாதியின் மூலத்தை அறிந்துகொள்வது பொதுஜன ஊழியர்களின் கடமைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

கல்லீரல் சர்க்கரையை ஆக்கும் என்ற உண்மையே ஒரு காலத்தில் நம்பத்தகாததாக இருந்தது. தாவரங்களே சர்க்கரையைப் படைக்கும், பிராணிகள் அதை உண்டு அழிக்கவே செய்யும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியப் பண்டிதர்களின் சித்தாந்தம். பாரிஸ் நகரத்தில் க்ளோது பெர்னார் என்ற பிரெஞ்சு அறிஞர் இதைச் சோதித்தார். மாமிசம் ஒன்றையே உண்ட நாய்களின் உடலில், கல்லீரலிலிருந்து புறப்படும் இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருக்கக் கண்டார். அது 1848-ஆம் ஆண்டு. பின்னர் 1857-இல், கல்லீரல் சர்க்கரையைச் சேர்த்துவைக்கும் மாப்பொருளையும் பிரித்தெடுத்துக் காட்டி, அதற்கு கிளைக்கோஜன் என்று பெயரிட்டார். நூலில் எழுதியிருக்கிறது என்பதற்காக ஒன்றை ஒப்புக்கொள்ளாமல், செய்து பார்த்து உண்மை கண்ட அம் மனிதரின் துணிவு போற்றத்தக்கது.

கல்லீரல் இவ்வாறு செய்வது உயிரைக் காக்கும் பொருட்டே. நம் உடலின் இரத்தம் முழுவதையும் சேர்த்தாலும் அதில் கரைந்துள்ள சர்க்கரை ஒரு தேக்கரண்டி அளவே. மூளையோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் சர்க்கரையைச் செலவழிக்கும். உணவில்லாத இரவு நேரத்தில் கல்லீரல் கைவிடுமாயின், விடியற்காலத்துக்குள் மனிதன் அறிவிழந்து கிடப்பான். ஆகவே நாம் உறங்குகையில் அது மணிக்கு ஆறேழு கிராம் வீதம் சர்க்கரையை அளந்து விடுகிறது. முதலில் சேமிப்பிலுள்ள கிளைக்கோஜனை உடைத்துக் கொடுக்கிறது. அதனோடு, தசையிலிருந்து வரும் கழிவுகளையும் புரதத்தின் கூறுகளையும் கொண்டு புதிய சர்க்கரையையும் ஆக்குகிறது. பஞ்ச காலத்துக் கஞ்சித் தொட்டி போன்றது இவ்வேலை. தேவையான காலத்தில் இது தர்மம். உணவு வந்த பிறகும் ஓயாமல் நடந்தால் அதுவே கேடு.

எப்பொழுது திறப்பது, எப்பொழுது அடைப்பது என்று கல்லீரலுக்கு அறிவிப்பது யார்? 1889-ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டனர். நாய்க்குக் கடும் நீரிழிவு கண்டது. கணையத்திலிருந்து ஏதோ ஒரு சரக்கு புறப்பட்டு உடலை ஆள்கிறது என்பது அன்றே விளங்கிற்று. அந்தச் சரக்கைக் கைப்பற்ற மேலும் முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. கானடாவில் டொராண்டோ சர்வகலாசாலையில் பான்டிங், பெஸ்ட், மாக்லியாட், காலிப் ஆகியோர் 1921-லும் 1922-ன் தொடக்கத்திலும் இன்ஸுலினைப் பிரித்தெடுத்தனர். சாவின் விளிம்பில் நின்ற குழந்தைகள் எழுந்து நடந்தனர். அதன் உரிமையைப் பெயரளவில் ஒரு டாலர் விலைக்குச் சர்வகலாசாலையிடம் ஒப்படைத்த அவர்களுடைய தியாகத்தை, மருந்தை வைத்துக் கொள்ளை லாபம் தேடுவோர் எண்ணிப் பார்ப்பது நலம்.

அதன்பின் உலகம், நீரிழிவு என்பது இன்ஸுலின் பஞ்சமே என்று முடிவு கட்டிற்று. அம்முடிவில் பாதியே உண்மை. லண்டனில் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த் என்ற வைத்தியர் நோயாளிகளுக்குச் சர்க்கரையையும் இன்ஸுலினையும் ஒருங்கே கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு இன்ஸுலின் உடனே வேலை செய்தது. வேறு சிலருக்கு அதே அளவு கொடுத்தும் பயன் சொற்பமாகவே இருந்தது. நீரிழிவில் இரு வகை உண்டு, ஒன்றில் இன்ஸுலின் இல்லை, மற்றொன்றில் இன்ஸுலினுக்கு மரியாதை இல்லை என்ற கருத்தை அவர் 1936-இல் வெளியிட்டார். அன்று இரத்தத்திலுள்ள இன்ஸுலினை நேரே அளக்கும் வழி கிடையாது. 1960-ஆம் ஆண்டையொட்டி நியூயார்க்கில் ராஸலின் யாலோ, ஸாலமன் பெர்ஸன் ஆகிய இருவரும் அவ்வழியைக் கண்டு அளந்தபோது, நடுவயதில் நீரிழிவு கண்ட பலருடைய இரத்தத்தில் இன்ஸுலின் குறைவதற்குப் பதிலாகத் தாராளமாகவே இருக்கக் கண்டனர். யாலோ அம்மையாருக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் பெர்ஸன் காலமாகியிருந்தார்.

இந்நிலைக்கு வைத்தியர் இட்ட பெயர் ‘இன்ஸுலின் எதிர்ப்பு’. எதிர்ப்பு என்ற சொல் நம் வாசகர் செவிக்கு இனியது, ஒத்துழையாமையும் அவ்வாறே. ஆனால் எதை எதிர்ப்பது, எதனோடு ஒத்துழைப்பது என்ற விவேகம் இருந்தால்தான் அவை புண்ணியம் பயக்கும். கல்லீரலின் எதிர்ப்பில் அந்த விவேகம் இல்லை என்பதை மேலே காண்போம்.

உத்தரவு எங்கே முடங்குகிறது என்று தேடியவர்களுக்கு விடை ஒரு புழுவிடத்திலிருந்து கிடைத்தது. மண்ணில் வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள அற்பப் புழு அது. 1993-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஸிந்தியா கென்யன் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும், ஒரு மரபணுவில் பழுதுள்ள புழுக்கள் மற்றவற்றைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் உயிர் வாழக் கண்டனர். இரண்டாவது மரபணு ஒன்றையும் கெடுத்துவிட்டால் அந்த நீண்ட ஆயுள் மறைந்துவிட்டது. முதல் மரபணு, மனிதனுடைய இன்ஸுலின் ஏற்பியின் உறவு என்று தெரிந்தது. இரண்டாவது, மனிதனிடமும் உள்ள ஃபாக்ஸோ என்னும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 1997-இல் பாஸ்டனில் காரி ரவ்கன் குழுவினரும், கென்யன் குழுவினரும் தனித்தனியே கண்டனர். இன்ஸுலினின் உத்தரவு கடைசியாகப் போய்ச் சேருமிடம் இதுவாக இருக்கலாம் என்ற ஐயம் அங்கே உதித்தது. புழுவைக் குனிந்து நோக்கியவர்களே மனிதனின் வியாதிக்கு வழி கண்டனர்.

மனிதக் கல்லீரலில் இவ்வேலையைச் செய்யும் புரதத்துக்கு ஃபாக்ஸோ-1 என்று பெயர். அதன் வேலையை நம் ஊர் நிர்வாக பாஷையில் சொல்வது எளிது. கல்லீரலின் ஒவ்வோர் உயிரணுவும் ஒரு பண்டகசாலை என்று கொள்வோம். அதன் நடுவிலுள்ள உட்கருவே கச்சேரி; மரபணுக்கள் என்னும் ஆவணங்கள் யாவும் அங்கே உள்ளன. ஃபாக்ஸோ-1 அந்தக் கச்சேரியில் அமர்ந்திருக்கும் அதிகாரி. உணவில்லாத வேளையில் அவர் உள்ளே இருந்து, சர்க்கரையை ஆக்கும் நொதிகளுக்கு உரிய ஆவணங்களைத் திறந்து, வேலை நடக்கட்டும் என்று கட்டளையிடுகிறார். கல்லீரலிலிருந்து சர்க்கரை வெளியேறுவதற்குக் கடைசிக் கதவைத் திறக்கும் குளூக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் என்னும் நொதியும் அவர் ஆணையின் கீழ்ப்பட்டதே.

உணவு உண்டவுடன் கணையம் இன்ஸுலினை அனுப்புகிறது. அது உயிரணுவின் வெளிச்சுவரிலுள்ள ஏற்பியில் வந்து தங்கும்; உள்ளே புகாது. உள்ளே செய்தி கொண்டு செல்பவர் வேறு. அவர்களுள் முக்கியமான சேவகன் ஆக்ட் என்ற புரதம். ஆக்ட் சென்று ஃபாக்ஸோ-1-ன் மீது மூன்று இடங்களில் பாஸ்பேட் என்னும் முத்திரையைக் குத்துகிறான். முத்திரை விழுந்த அதிகாரிக்குக் கச்சேரியில் இடமில்லை. அவர் வெளியே அனுப்பப்படுகிறார். ஆவணங்கள் மூடப்படுகின்றன, புதிய சர்க்கரை ஆக்குவது தணிகிறது. அடுத்த பட்டினி வேளையில் முத்திரை அழிந்து அவர் மறுபடியும் உள்ளே வருகிறார். ஆரோக்கியமான மனிதனிடம் இந்தப் போக்குவரத்து தினந்தோறும் வேளை தவறாமல் நடக்கிறது.

இன்ஸுலினுக்குச் செவிசாயாத கல்லீரலிலோ முத்திரை சரியாக விழுவதில்லை. ஃபாக்ஸோ-1 கச்சேரியை விட்டு அகலாமல் உட்கார்ந்துகொண்டே இருக்கிறார். வீட்டில் விருந்து நடக்கும்போதும் பஞ்சம் என்று எண்ணிச் சர்க்கரையைக் காய்ச்சச் சொல்கிறார். நாம் முதலில் கண்ட மனிதரின் காலைச் சர்க்கரைக்குப் பெருங் காரணம் இதுவே.

இது வெறும் அநுமானமன்று. நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில் டொமினிக்கோ அச்சீலி என்பாரின் குழுவினர் எலியின் கல்லீரலில் மட்டும் ஃபாக்ஸோ-1 இல்லாதபடி செய்து பார்த்தனர். பட்டினி வேளையில் அவ்வெலிகள் சர்க்கரையைப் போதுமான அளவு ஆக்க இயலாமல் தவித்தன. பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் மாரிஸ் பர்ன்பாம் குழுவினர் கல்லீரலில் சேவகனாகிய ஆக்டை நீக்கினர். சர்க்கரையின் கட்டுப்பாடு குலைந்தது. பிறகு சேவகனோடு அதிகாரியையும் சேர்த்தே நீக்கினர். கட்டுப்பாடு மீண்டும் ஒழுங்குக்கு வந்தது. 2012-இல் வெளியான இச்சோதனை இரண்டு உண்மைகளை ஒருங்கே காட்டிற்று. சேவகன் இல்லாமையால் வந்த கேடு, அடங்காத அதிகாரியின் வழியாகவே வந்தது என்பது ஒன்று. இவ்விருவரும் இல்லாதபோதும் இன்ஸுலின் கல்லீரலை ஓரளவு ஆள்கிறது என்பது மற்றொன்று. அந்த மறைமுக ஆட்சி பெரிதும் உடலின் கொழுப்புத் தசைகளின் வழியே நடக்கிறது. இன்ஸுலின் அங்கே கொழுப்பு உருகி ஓடுவதைத் தடுக்கும்போது, சர்க்கரை ஆக்குவதற்கு வேண்டிய தூண்டுதல் கல்லீரலுக்குக் குறைகிறது. அங்கும் இன்ஸுலினின் சொல் எடுபடாமற்போனால், கொழுப்பு ஓயாமல் கல்லீரலுக்கு வந்து சேர்ந்து சர்க்கரை உற்பத்தியை வளர்க்கிறது.

நிற்க. கல்லீரல் இன்ஸுலினை முற்றும் எதிர்க்கிறது என்றால் கதை இத்துடன் முடிந்திருக்கும். விபரீதம் வேறிடத்தில் இருக்கிறது. இன்ஸுலின் கல்லீரலுக்குக் கொண்டுவருவது இரண்டு உத்தரவுகள். சர்க்கரை ஆக்குவதை நிறுத்து என்பது ஒன்று. வந்து குவியும் உபரியைக் கொழுப்பாக மாற்றிச் சேமித்துவை என்பது மற்றொன்று. இரண்டாவது உத்தரவை நிறைவேற்றும் அதிகாரிக்கு ஸ்ரெப்-1சி என்று பெயர்; இதுவும் ஒரு புரதமே. டல்லாஸ் நகரத்து மைக்கேல் பிரவுன், ஜோஸப் கோல்ட்ஸ்டைன் ஆகிய இருவரும் தம் சகாக்களோடு இந்தப் புரத வகையைக் கண்டறிந்தனர். இரத்தக் கொழுப்புப் பற்றிய முந்திய ஆராய்ச்சிக்காக 1985-இல் நோபல் பரிசு பெற்றவர்கள் இவர்கள். எதிர்ப்பு முழுமையாக இருந்தால் நோயாளியின் கல்லீரலில் சர்க்கரை மிகும், கொழுப்பு குறையும். நடைமுறையில் காண்பதோ, சர்க்கரையும் மிகுதி, கொழுப்பும் மிகுதி. 2008-இல் பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் இந்தப் புதிரை எடுத்துரைத்து, கல்லீரல் முதல் உத்தரவை மட்டும் மறுக்கிறது, இரண்டாவதற்குப் பணிகிறது என்றனர். 2010-இல் அவர்கள் எலியின் கல்லீரலில், ஏற்பிக்கு அப்பால் உத்தரவு செல்லும் பாதை இரண்டாகப் பிரிகிறது என்பதையும் காட்டினர். ராபமைசின் என்னும் மருந்தால் கொழுப்புக்குச் செல்லும் கிளையை அடைத்தாலும், சர்க்கரைக்குச் செல்லும் கிளை திறந்தே இருந்தது.

1919-ஆம் ஆண்டின் சட்டத்தால் மாகாணங்களில் புகுத்தப்பட்டு 1937 வரை நடந்த இரட்டை ஆட்சியை வாசகர் சரித்திரத்தில் படித்திருப்பர். கல்வி, சுகாதாரம், விவசாயம் ஆகிய இலாகாக்கள் மந்திரிகளிடம். நிதி, போலீஸ், நிலவரி ஆகியவை கவர்னரின் நிர்வாக சபையிடம். செலவுக்குப் பொறுப்பாளர் ஒருவர், பணப்பெட்டியின் சாவி வைத்திருப்பவர் வேறொருவர். ஒரே சர்க்காரின் ஒரு பாதி ஜனங்களின் குரலுக்குச் செவிசாய்க்கும். மற்றப் பாதி சாய்க்காது. நோயுற்ற கல்லீரலில் நடப்பது அத்தகைய இரட்டை ஆட்சியே. சர்க்கரை இலாகா இன்ஸுலினுக்கு அடங்குவதில்லை. கொழுப்பு இலாகா அதே இன்ஸுலினுக்கு அளவு கடந்து பணிகிறது.

இதன் விளைவு எத்தகையது என்று பாருங்கள். சர்க்கரை குறையாததைக் கண்ட கணையம், தன் சொல் எட்டவில்லை போலும் என்று கருதி மேன்மேலும் இன்ஸுலினைச் சுரக்கிறது. சர்க்கரை இலாகாவின் கதவு முன்போலவே அடைந்து கிடக்க, கொழுப்பு இலாகா இரட்டிப்பு ஊக்கத்தோடு வேலை செய்கிறது. கொழுப்பு கல்லீரலில் மண்டுகிறது. மண்டிய கொழுப்பின் கூறுகள் உத்தரவு செல்லும் வழியை மேலும் தடுக்கின்றன. மிஞ்சியது இரத்தத்தில் ஏறி உடலெங்கும் பரவுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஓயாது உழைத்த கணையமும் களைத்துச் சுருள்கிறது. அன்றுதான் வைத்தியர் நீரிழிவு என்று பெயர் சொல்கிறார். விதை விதைத்ததோ பத்து ஆண்டுகளுக்கு முன்பே.

இந்த இரட்டை ஆட்சி மனிதரிடத்தும் உண்மை என்பதற்கு ருசு உண்டு. இன்ஸுலின் ஏற்பியே பிறவியில் பழுதுபட்ட மனிதர் உலகில் மிகச் சிலர் உள்ளனர். அவர்கள் கல்லீரலில் உத்தரவு வாசலிலேயே நின்றுவிடும். இரு இலாகாக்களுக்கும் அது எட்டாது. 2009-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் அத்தகையோரைச் சோதித்தபோது, இன்ஸுலின் எதிர்ப்பு மிகக் கடுமையாக இருந்தும் அவர்கள் கல்லீரலில் கொழுப்பு மண்டவில்லை. இரத்தத்தின் கொழுப்பும் உயரவில்லை. 2000-ஆம் ஆண்டில் பாஸ்டனில் ரானால்டு கான் குழுவினர் கல்லீரலின் இன்ஸுலின் ஏற்பியை நீக்கிய எலிகளிடமும் இரத்தக் கொழுப்பு உயரக் காணவில்லை. முழு எதிர்ப்பில் இல்லாத தீங்கு அரை எதிர்ப்பில் இருக்கிறது.

அங்ஙனமாயின், அடங்காத அதிகாரியாகிய ஃபாக்ஸோ-1-ஐ ஒரு மருந்தால் ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். எலிகளிடத்தில் இதை முயன்றும் பார்த்திருக்கின்றனர். சர்க்கரை இறங்குகிறது என்பது மெய்யே. ஆனால் ஃபாக்ஸோ வகையினரைக் கல்லீரலிலிருந்து முற்றும் நீக்கியபோது, சர்க்கரையாகப் போகாத சரக்கு கொழுப்பாகத் திரும்பிற்று. அச்சீலி குழுவினர் 2014-இல் இதை வெளியிட்டனர். மேலும், ஃபாக்ஸோ-1 கல்லீரலுக்கு மட்டும் ஊழியர் அல்லர். உடல் முழுவதிலும் அது இல்லாத எலிக்கரு இரத்தக் குழாய்கள் உருவாகாமல் தாய் வயிற்றிலேயே மடிந்துபோகிறது. பஞ்ச காலத்தில் நம்மைக் காப்பாற்றிய ஊழியரைத் தூக்கிலிடுவதால் நிர்வாகம் திருந்தாது. அவர் தக்க வேளையில் உள்ளே வரவும், தக்க வேளையில் வெளியேறவும் வேண்டும். வழியை அடைத்து நிற்கும் கொழுப்பை அகற்றுவதே செய்யத்தக்க காரியம்.

அகற்ற முடியுமா? முடியும். இங்கிலாந்தில் நியூகாஸில் சர்வகலாசாலையின் ராய் டெய்லர் குழுவினர் 2011-இல் 11 நீரிழிவுக்காரருக்கு நாளொன்றுக்கு 600 கலோரி அளவே உணவு கொடுத்துப் பார்த்தனர். ஏழே நாட்களில் அவர்களுடைய காலைச் சர்க்கரை சாதாரண நிலைக்கு இறங்கிற்று. எட்டாம் வாரத்தில், கல்லீரலின் கொழுப்பு நூற்றுக்கு 12.8-லிருந்து 2.9 ஆகக் குறைந்திருந்தது. பிரிட்டனில் 2018-இல் முடிவு வெளியான பெரிய சோதனையில், வியாதி கண்டு ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவரும் இன்ஸுலின் போட்டுக்கொள்ளாதவருமான நோயாளிகள், வைத்தியர் மேற்பார்வையில் உணவைக் கடுமையாகக் குறைத்து எடையை இறக்கினர். ஓர் ஆண்டு சென்றபின் நூற்றுக்கு 46 பேர் மருந்தின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்திருந்தனர். இரண்டாம் ஆண்டின் முடிவில் அது 36 ஆயிற்று. எடை மீண்டும் ஏறினால் வியாதியும் மீளும் என்பதையும் அச்சோதனை மறைக்கவில்லை. இத்தகைய கடும் பத்தியத்தை ஒருவரும் வைத்தியரைக் கேளாமல் தாமே மேற்கொள்ளலாகாது.

நாம் ஐரோப்பியரைப்போல் பருத்த தேகத்தினர் அல்லரே என்று சிலர் ஆறுதல் கொள்ளக்கூடும். அது வீண் ஆறுதல். 2004-இல் புனா நகரத்து வைத்தியர் யாஜ்ஞிக், லண்டன் நண்பர் யுட்கின் ஆகிய இருவரும் ஒரே உயர-எடை விகிதம் உடைய தங்கள் இருவர் உடலையும் அளந்து வெளியிட்டனர். ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1, இந்தியரின் உடலில் 21.2. கண்ணுக்கு மெலிந்து தோன்றும் இந்தியன் உள்ளே கொழுப்பைச் சுமக்கிறான். முன்கூறிய தேசக் கணக்கெடுப்பில் தொந்தி கண்டவர் நூற்றுக்கு 39.5 என்பதும் நினைவில் நிற்கத்தக்கது. தராசைக் காட்டிலும் இடுப்பை அளக்கும் நாடா நம்மவர்க்கு நல்ல எச்சரிக்கை தரும்.

நம்மவர் உடலில் நம்மவர் நடத்திய சோதனையும் உண்டு. சென்னையில் ராமச்சந்திரன் என்ற வைத்தியரின் குழுவினர், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். சாதாரண அறிவுரை மட்டும் பெற்றவரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவில் வீழ்ந்தனர். தினந்தோறும் நடந்தும், உணவைத் திருத்தியும் வந்தவரில் அது 39 ஆயிற்று. மெட்பார்மின் மாத்திரை உண்டவரிடமும் ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது. அரை மணி நேர நடை ஒரு மருந்துக்கு நிகராக நின்றது என்பது அற்ப விஷயமன்று. உழைக்கும் தசை சர்க்கரையைத் தானே வாங்கிக்கொள்ளும். கல்லீரலின் பாரம் அந்த அளவுக்குக் குறையும்.

மருந்தை நாம் இகழவில்லை. மெட்பார்மினை 1957-இல் ஷான் ஸ்டேர்ன் என்ற பிரெஞ்சு வைத்தியர் நீரிழிவுக்குப் பயன்படுத்தி வெளியிட்டார். கல்லீரலின் சர்க்கரை உற்பத்தியைத் தணிப்பது அதன் முக்கிய வேலை. விலையும் ஏழைக்கு எட்டக்கூடியது. இன்ஸுலினும் பகையன்று. கணையமே அழிந்துபோன குழந்தைகளுக்கும், கணையம் களைத்துப்போன முதியோர்க்கும் அதுவே உயிர். ஏதோ லேகியம் விற்பவன் சொல் கேட்டு இன்ஸுலினை நிறுத்தியவர் சில நாட்களில் மாண்டுபோவது உண்டு. அத்தகைய விளம்பரங்களை வெளியிடுவோரும் அந்தப் பாவத்தில் பங்குடையவரே.

இதனால் நாம் வற்புறுத்துவது யாது? நீரிழிவுக்காரனை வாயடக்கமற்றவன் என்று ஏசும் வழக்கம் முதலில் ஒழிய வேண்டும். அவன் கல்லீரலில் நடக்கும் இரட்டை ஆட்சியை வசைமொழி திருத்தாது. அடுத்து, சர்க்கரை ஏறிய பிறகு சிகிச்சை தேடுவதிலும், ஏறுமுன் கண்டுபிடிப்பதே சிக்கனம். முப்பது வயது கடந்தவர், தாய் தந்தையர்க்கு இவ்வியாதி உள்ளவர், இடுப்புப் பருத்தவர் ஆகியோர் ஆண்டுக்கொரு முறை இரத்தச் சோதனை செய்துகொள்வதற்கு ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் வசதி இருக்க வேண்டும். கூலி இழக்காமல் வந்து போகும்படி அது மாலை வேளையிலும் திறந்திருக்க வேண்டும். நியாய விலைக் கடையில் அரிசியோடு பருப்பும் சிறுதானியமும் போதிய அளவு கிடைக்க வேண்டும். அரிசியால் மட்டும் வயிற்றை நிரப்பிக்கொள்ளும் ஏழையிடம் உணவைத் திருத்து என்று உபதேசிப்பது பரிகாசமாகும். பட்டணங்களில் நடப்பதற்கு நடைபாதையும், நிற்பதற்கு மர நிழலும் வேண்டும். பள்ளிக்கூட வாசலில் சர்க்கரைப் பானம் விற்பதைத் தடுக்கும் துணிவு நகரசபைகளுக்கு வர வேண்டும். உபரியாக வரும் அச்சர்க்கரையை வைத்தே கொழுப்பு இலாகா தன் வேலையைப் பெருக்குகிறது.

பொது வாழ்வில் ஈடுபட்ட நம் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம், பிரயாணம், இரவு விழிப்பு, வேளை கெட்ட உணவு, இடையிடையே சர்க்கரை மிகுந்த காபி ஆகிய இவற்றால் தம் தேகத்தைக் கெடுத்துக்கொண்டு, ஐம்பது வயதில் பார்வை மங்கியும் கால் மரத்தும் ஓய்ந்துபோன ஊழியர் பலரை நாம் கண்டிருக்கிறோம். தேசத்துக்கு அவர்கள் இன்னும் இருபது ஆண்டு உழைத்திருக்கலாம். தியாகம் செய்வதற்கும் தேகம் வேண்டும். இவ்வாரம் ஒருநாள் காலை, வெறும் வயிற்றோடு சென்று இரத்தத்தைச் சோதித்துக்கொள்வீர். உடன் வர மறுக்கும் தோழரையும் கையைப் பிடித்து அழைத்துச் செல்வீர்.